காற்றுக்கு விலா காட்டி நின்ற வீடு

ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். பஸ்ஸில் ஆறரை மணி நேரம், ஒரு வழிக்கு எழுபத்தெட்டு டொலர். கிங்ஸ்டனில் சற்று நேரம் நிறுத்தி, வாயில் வைக்க முடியாத ஒரு கோப்பியைக் குடிக்க விடுவார்கள். போகாதவர்களுக்குச் சொல்கிறேன், கார்த்திகை மாதத்தில் போகாதீர்கள். இலையெல்லாம் கொட்டி முடிந்திருக்கும், பனி இன்னும் விழுந்திருக்காது, வழி நெடுக மொட்டை மரமும் சேற்று வயலும்தான். நானும் ஊர் பார்க்கப் போகவில்லை. அக்காவுக்குச் சாப்பாடு வயிற்றில் தங்குவதில்லை என்று அவளுடைய மகள் சுஜி தொலைபேசியில் அழுதாள். அதனால் போனேன்.

அக்காவுக்குப் புற்றுநோய். மூன்று கிழமைக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். மருந்து ஏற்றினால் குமட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அக்காவுக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவள் இருக்கும் வீடு ஆடுகிறது. எடை இன்னும் குறைந்தால் அடுத்த மருந்தை ஏற்ற மாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமை நிறுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் அவளுடைய வயிற்றில் நாலு வாய் கஞ்சியாவது தங்க வேண்டும்.

திங்கள், பகல் இரண்டு மணி

மொன்றியல் பஸ் நிலையத்தில் இறங்கி, மெட்ரோ பிடித்து, பிறகு ரயில் மாறி ரொக்ஸ்பரோவில் இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து ஆற்றங்கரைக்கு டாக்ஸி பதின்மூன்று டொலர். சாரதி அல்ஜீரியாக்காரர், வழி முழுக்க மனிதர் கலகலவென்று கதைத்துக்கொண்டு வந்தார். விலாசத்துக்கு முன்னால் நிறுத்தியதும் வாயை மூடிக்கொண்டார்.

"இங்கே ஒருவரும் குடியில்லையே, மடாம்" என்றார் ஆங்கிலத்தில்.

அவர் மேல் குற்றமில்லை. வசந்தத்தில் ஆறு பெருகி அந்தத் தெருவுக்குள் வந்தபோது அக்கா வீட்டின் நிலக்கீழ் அறை முழுகி, அதற்கு மேலே தரைத்தளத்திலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பூஞ்சணம் பிடித்த சுவர்களை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மரச்சட்டங்கள் மட்டும் நிற்கின்றன. அந்த எலும்புக்கூட்டுக்குப் பின்னால், வளவுக்குள், இருபத்தாறு அடி நீளத்தில் ஒரு வெள்ளை ட்றெயிலர் நின்றது. விடுமுறைக்குக் காரின் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்களே, அது. மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், யாரோ பாவித்து விற்றது. வீடு திருந்தும்வரை அதில் இருக்க நகரசபை அனுமதி கொடுத்திருந்தது.

வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். படிக்குப் பக்கத்தில் வைத்த நிறைகுடத்தில் தேங்காய் காய்ந்து கறுத்துப் போயிருந்தது.

"வாரும் வசந்தி. காலைக் கவனமாய் வையும், படி ஆடும்" என்று அத்தான் கையைப் பிடித்து ஏற்றினார். அக்காவின் புருஷன், பாண் சுடுகிற தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வெடுத்தவர். அக்கா சுருங்கிப் போனதைப் பற்றிச் சுஜி முன்னமே சொல்லியிருந்தாள். அவர் சுருங்கியதை ஒருவரும் சொல்லவில்லை.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். கம்பளித் தொப்பிக்குக் கீழே இரண்டு கண்தான் பழைய ஆள்.

"என்னடி, மெலிஞ்சு போனாய்?" என்று என்னைக் கேட்டாள்.

ஐயோ, எனக்கு வந்த அழுகைக்கும் சிரிப்புக்கும் ஒரே தொண்டைதான் இருந்தது. சூட்கேஸைத் திறக்கிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

ஏன் இவர்கள் சுஜி வீட்டுக்குப் போகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். சுஜி அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஒரு சின்ன அபார்ட்மென்டில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளும் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிறவர்கள், கிழமைக்கு ஒரு காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள். காய்ச்சல் பிள்ளைகளுக்குக் கிட்டவே போகக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். என்னோடு ரொறன்ரோவுக்கு வரச் சொன்னால், வைத்தியத்தை நடுவில் பிடுங்கிக்கொண்டு வர முடியாது. கொஞ்ச நாள் ஹோட்டலில் இருந்து பார்த்தார்கள். அங்கே அடுப்பில்லை. வெளிச் சாப்பாட்டின் மணமே அக்காவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சுற்றிச் சுற்றிக் கடைசியில் ட்றெயிலர்தான்.

அத்தான் நொய்க்கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். அக்கா கரண்டியை எடுத்தாள். முதலாவது வாய், இரண்டாவது வாய். மூன்றாவதை எடுக்கும்போது ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து பக்கவாட்டில் அறைந்தது. வீடு முழுதும் ஒரு பக்கம் சரிந்து, திரும்பி வந்து, மறுபடி சரிந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்தன. அக்கா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடினாள். அத்தான் ஓடி வந்து வாளியைப் பிடித்தார். உள்ளே போன கஞ்சியெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"ஆடுறதுகூடப் பரவாயில்லை வசந்தி" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆடி நிண்டாப் பிறகும் தலைக்குள்ளை ஆடுது."

"காத்து இப்ப குறைஞ்சிடும். பேந்து பாப்பம்" என்றார் அத்தான்.

அத்தானுடைய இந்தப் 'பேந்து', 'பிறகு பார்ப்போம்', எனக்குத் தெரியும். கலியாணம் முடித்த நாளிலிருந்து எல்லாவற்றையும் பேந்துதான் பார்க்கிறார். எனக்கோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன்.

குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தேன். ட்றெயிலரின் நாலு மூலையிலும் கீழே இறக்கிவிடுகிற இரும்புக் கால்கள் உண்டு. வண்டி அசையாமல் பிடித்துக்கொள்ளத்தான் அவை, வண்டியைத் தூக்க அல்ல. அத்தான் அவற்றைத் திருகித் திருகி, சக்கரம் நிலத்தில் பட்டும் படாமலும் நிற்கிற அளவுக்கு வண்டியைத் தூக்கிவிட்டிருந்தார். கால்களுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டுகூட இல்லை. வெள்ளம் ஊறிய மண்ணில் இரண்டு கால் அரையடி புதைந்துவிட்டது. போதாததற்கு, பெரிய நைலோன் கயிற்றால் வண்டியைப் பக்கத்து மேப்பிள் மரத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார். காற்று வந்தால் மரம் ஆடுகிறது, மரம் ஆடினால் கயிறு வண்டியை இழுக்கிறது. ஆடுகிற வீட்டை ஆடுகிற மரத்தில் கட்டி வைத்திருக்கிறார் மனுஷன்!

வேலிக்கு அந்தப் பக்கம் கட்டம்போட்ட கோட்டுடன் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்றாள். பெயர் ஜினெட், வயது எழுபது இருக்கும், ஒவ்வொரு மாரிக்கும் தன்னுடைய ட்றெயிலரைத் தானே ஓட்டிக்கொண்டு புளோரிடா போகிறவள். "போன்ஜூர்" என்றாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அதோடு சரி. அவள் விடவில்லை. உள்ளங்கையை அகல விரித்து, ஆற்றுப் பக்கத்துக் காற்றுக்குக் காட்டி, கை தள்ளாடுவதுபோல் ஆட்டினாள். பிறகு கையைத் திருப்பி, அதன் விளிம்பைக் காற்றுக்குக் காட்டினாள். கை அசையாமல் நின்றது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. வண்டி காற்றுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, அதைத் திருப்பு என்கிறாள்.

பின்னேரம் சுஜி வந்ததும் கேட்டேன். "அவ சம்மரிலையிருந்து அப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறா சித்தி. அப்பா ஒவ்வொரு தரமும் மெர்சி, மெர்சி எண்டு நன்றி சொல்லிச் சிரிச்சுப்போட்டு வந்திடுவார்."

செவ்வாய்

வண்டியைத் திருப்புகிற கதையை எடுத்தபோது, "முதல் மற்ற வேலையளைப் பாப்பம்" என்று அத்தான் நழுவினார். சரி, அதையாவது செய்வோம் என்று இறங்கினேன். ஜினெட் தன் கராஜிலிருந்து தடித்த பலகைகளும், சக்கரங்களுக்கு நடுவே வைத்து இறுக்குகிற இரும்புக் கட்டைகளும், பட்டிகளும் கொண்டுவந்தாள். தக்கைத் திருகிபோல ஒரு முழ நீளத்தில் இரும்பு ஆணிகள் நாலும் இருந்தன, நிலத்துக்குள் திருகி இறக்கி வண்டியைப் பட்டியால் பிணைக்க. மரத்துக் கயிற்றை நானே கத்தியால் வெட்டினேன். குனிந்து குனிந்து, பொழுதுபடும்போது என் நாரி ஒடிந்துவிட்டது. வண்டி முன்பைவிட இறுக்கமாகத்தான் நின்றது. அன்றிரவு காற்றில்லை. அக்கா அரைக் கோப்பை கஞ்சி குடித்து, அது தங்கியது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

புதன், காலை ஒன்பது மணி

பெருமை ஒன்பது மணிக்கு முடிந்தது. ஆற்றைத் தாண்டி மேற்கிலிருந்து காற்று எழும்பி, இருபத்தாறு அடிச் சுவர் முழுதையும் தன் கணக்கில் எடுத்துக்கொண்டது. சரிவு குறைந்திருந்தது, ஆனால் நடுக்கம் நிற்கவில்லை. பட்டிகள் விண் விண்ணென்று அதிர்ந்தன. அக்கா மூன்று கரண்டி சாப்பிட்டாள், பிறகு வாளியைக் கேட்டாள்.

வாளியைக் கழுவி வைத்துவிட்டு அத்தானுக்கு முன்னால் போய் நின்றேன். "இண்டைக்கு ஜினெட்டின்ரை பிக்கப்பைக் கொண்டுவந்து திருப்பிறம். ஏன் மாட்டன் எண்டுறியள்? எனக்கு இப்ப சொல்லுங்கோ."

அத்தான் சுவரில் இருந்த சுவாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாள் பாத்து, கிழக்கு வாசலாய் வைச்சு, பால் காய்ச்சிக் குடிவந்தனாங்கள். திருப்பினால் வாசல் எங்கை பாக்கும் தெரியுமே உமக்கு? தெற்கு. யமன்ரை திசை. வருத்தக்காறி படுத்திருக்கிற வீட்டுக்கு நான் தெற்கு வாசல் வைக்கிறதோ?"

வாசகர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். இந்த நாட்டு ட்றெயிலர்களுக்கு வாசல் வலது பக்கத்தில்தான். வாசல் கிழக்கே பார்க்க வேண்டுமென்றால் வண்டியின் இடது விலா மேற்கே பார்க்கும், இந்தத் தெருவில் காற்று வருவதும் மேற்கே இருந்துதான். காற்றுக்கு ஒடுக்கமான பக்கத்தைக் காட்டுவதென்றால் வண்டியைக் கிழக்கு மேற்காக நிறுத்த வேண்டும். வீதி கிழக்கே. வளவின் மற்றப் பக்கம் ஆற்றுச்சேறு. பின்பக்கமாகத் தள்ளித்தான் ஏற்றலாம், மூக்கு வீதியைப் பார்க்கும். அப்போது வலது பக்கம் தெற்கு. வேறு வழியே இல்லை. சக்கரம் பூட்டிய வீட்டுக்கு நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபுக எங்கள் ஆட்களைவிட வேறு யாரால் முடியும்?

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"அத்தான், உங்களுக்கென்ன விசரே? அவ பட்டினியிலை சாகப்போறா, நீங்கள் யமனுக்குத் திசை பாத்துக்கொண்டு நிக்கிறியள்!"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லைச் சொன்னேன் என்று உறைத்தது. அந்த வீட்டில் ஆறு மாதமாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சொல். அத்தான் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தைத் துடைக்கவும் இல்லை. கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. இவர் மூடநம்பிக்கை பிடித்த பிடிவாதக்காரர் என்று இரண்டு நாளாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அது பிடிவாதமில்லை, பயம். தன் கையாலேயே அவளுக்கு ஏதும் செய்துவிடுவேனோ என்கிற பயம்.

கட்டிலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ. யமனுக்குக் கிழக்குப் பக்கத்தாலை வழி தெரியாதெண்டோ நினைக்கிறியள்? எனக்கு ஒரு கோப்பை கஞ்சி குடிக்கோணும். திருப்புங்கோ."

அவ்வளவுதான். பகல் பன்னிரண்டு மணிக்கு ஜினெட் பிக்கப்பைப் பின்னால் எடுத்தாள்.

சுஜியும் வந்து சேர்ந்தாள். அக்காவைப் போர்வையால் சுற்றி அவளுடைய காருக்குள் இருத்தினோம். அத்தான் சுவாமிப் படங்களை எல்லாம் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வளவு ஓரத்தில் நின்றார். ஜினெட் ஒரே மூச்சில் வண்டியை வெளியே இழுத்து, வளைத்து, பின்னால் தள்ளி நிறுத்தினாள். ஒப்புக்கொண்ட பிறகு அத்தானைப்போல ஒருவர் வேலை செய்ய முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நீர்மட்டக் கருவி வைத்துச் சரிவு பார்த்தார். சக்கரத்துக்குக் கட்டை இறுக்கினார். பலகை போட்டு, அதன் மேல் இரும்புக் கால்களை, தூக்காமல், தொட்டு அழுத்துகிற அளவுக்கு மட்டும் இறக்கினார். நாலு ஆணியையும் புது இடத்தில் திருகிப் பட்டி கட்டினார். காற்று அடியால் புகாமல் சுற்றிவர ஒட்டுப்பலகை அடித்தார். விரல் வெடித்து இரத்தம் வந்தது, கவனிக்கவில்லை. தோரணத்தை மட்டும் கழற்றிப் பைக்குள் வைத்தவர் புது வாசலுக்குக் கட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

பின்னேரம் நாலு மணிக்குக் காற்று முந்தியதைவிடப் பலமாக எழும்பியது. மணிக்கு எழுபது கிலோமீற்றர் என்று வானொலியில் சொன்னார்கள். பக்கத்து மேப்பிளில் கொப்பொன்று முறிந்து விழுந்தது. உள்ளே அத்தானும் சுஜியும் நானும் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மேசையில் கஞ்சிக் கோப்பை வைத்த இடத்தில் இருந்தது. அக்கா குடித்து முடித்தாள். சற்று நேரம் தன் வயிற்றையே காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தாள்.

"உப்பிடி மூண்டு பேரும் பாத்தால் எனக்குச் செமிக்குமே?" என்றாள். "ஊறுகாய் கிடந்தால் கொஞ்சம் தாங்கோ."

நான் வெளியே போய், சுஜியின் காருக்குப் பின்னால் நின்று விக்கி விக்கி அழுதேன். சந்தோஷம்தான்.

பஸ் டிக்கெட்டை மாற்றி அந்தக் கிழமை முழுதும் தங்கினேன். கஞ்சி சோறானது, சோற்றோடு ஒரு துண்டு மீனும் போனது. அக்கா பகலிலும் நித்திரை கொண்டாள்.

திங்கள், ஆஸ்பத்திரி

நாற்பத்திரண்டு கிலோ. ஒரு கிலோ கூடியிருந்தது. தாதி கையைத் தட்டி "பிராவோ, மடாம்!" என்றாள். அத்தான் தராசின் இலக்கத்தைக் குனிந்து இரண்டாம் தரமும் பார்த்தார்.

பிறகு டாக்டர் கூப்பிட்டார். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பிரெஞ்சில் மெதுவாகப் பேசினார். சுஜி ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "எடை கூடினது நல்லதாம் அம்மா. போன மாசம் எடுத்த படங்கள் வந்திருக்காம். அதிலை..." அதோடு நிறுத்திவிட்டாள். டாக்டர் காத்திருந்தார்.

டாக்டர் என்னைப் பார்த்து அதையே ஆங்கிலத்தில் சொன்னார். ஈரலுக்கும் பரவிவிட்டது. இந்த மருந்து கேட்கவில்லை. இனி ஏற்றுவதில் பயனில்லை, நோவு தெரியாமல் பார்த்துக்கொள்வோம்.

"என்னவாம்?" என்றாள் அக்கா. மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு."

"மருந்து இனி வேண்டாமாம் அக்கா."

அக்கா கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்ப சத்தியும் வராது, வாளியும் தேவையில்லை, என்ன?" என்றாள்.

கார் நிறுத்துமிடத்தில் அத்தான் பணம் கட்டுகிற மெஷினுக்கு முன்னால் அட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். என் பக்கம் பார்க்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

"படம் எடுத்தது போன மாசம்!" என்று கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போன மாசம் அத்தான்! வாசல் கிழக்கை பாத்துக்கொண்டு நிக்கேக்கை எடுத்த படம்! நாங்கள் திருப்பினது போன புதன்!"

"எனக்கு விளங்குது வசந்தி."

"பின்னை ஏன் உப்பிடி நிக்கிறியள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்றார்.

உண்மை, அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன், சண்டையில் வென்றுமிருப்பேன். சொல்லாத மனுஷனோடு என்ன செய்வது?

அன்று பின்னேரம் அவர் அக்காவின் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, திரும்பக் கிழக்கே திருப்பிவிடவா என்று தணிந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது. ஜினெட்டிடம் கேட்டால் நாளைக்கே வருவாள் என்றார்.

"வேண்டாம். இப்பதான் நித்திரை வருது" என்றாள் அக்கா.

செவ்வாய்

காலையில் அத்தான் என் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு டாக்ஸிவரை வந்தார். அக்காவிடம் விடைபெற்றதை எழுத எனக்கு மனமில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முந்தித் திரும்பி வாறன் என்றேன், ஓம் என்றாள். இரண்டு பேரும் நம்பினோமா என்று தெரியாது. மனிதரை மருந்து காப்பாற்றும், டாக்டர் காப்பாற்றுவார், சரியான புத்தி காப்பாற்றும் என்றெல்லாம் எண்ணிக்கொண்டுதான் நாங்கள் ஒவ்வொருவரும் ஓடித் திரிகிறோம். நான் போய் அந்த வளவில் செய்தது ஒரு வீட்டை ஆடாமல் நிறுத்தியது மட்டும். அது சின்ன வேலையில்லை. ஆனாலும் கிங்ஸ்டன் தாண்டும்வரை என் கண்ணுக்குள் அத்தான்தான். அந்தத் தெற்கு வாசலால் வெளியே வரும்போதும் உள்ளே போகும்போதும் கால் ஒரு கணம் தயங்கி நிற்கும் அத்தான்.

ஸ்காபரோவில் என் வீடு பதினான்காம் மாடியில். வெளியே எந்தக் காற்று அடித்தாலும் மேசையில் வைத்த தண்ணீர் அசையாது. சூட்கேஸைக்கூடத் திறக்காமல் வாசலில் நின்று, தொலைபேசியில் திசைகாட்டியைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கதவால் இத்தனை வருடம் போய் வந்தும் அது எந்தப் பக்கம் பார்க்கிறதென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

மேற்கு.

அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வந்து சேர்ந்திட்டன் அத்தான். ஒரு விசயம் சொல்லோணும். என்ரை வீட்டு வாசலைத் திசைகாட்டி வைச்சுப் பாத்தனான். தெற்கு."



"வடிவாய்ப் பாத்தனீரோ?"

"ரெண்டு தரம் பாத்தனான். வந்த நாளிலையிருந்து இந்த வாசலாலைதான் போய் வாறன். எனக்கொண்டும் நடக்கேல்லை."

"ஓமோ" என்றார். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டது கேட்டது. "அப்ப சரி. அவ சாப்பிட்டிட்டு நித்திரை. எழும்பினதும் சொல்லுறன்."